அடுப்படி கேள்வி–பதில்: வான்கோழி கிரேவிக்குப் புதன்கிழமையே அடுப்பைப் பற்ற வையுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வான்கோழியைப் பற்றித்தான். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் அமெரிக்கப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் நெருங்கினால் எல்லாரும் பறவையை நினைத்துப் பயப்படுகிறார்கள். பறவையை ஓவனும் தெர்மாமீட்டரும் பார்த்துக்கொள்ளும். ஆள் நின்று கவனிக்க வேண்டியது கிரேவியைத்தான், அதாவது கறிச் சாற்றை மாவு சேர்த்துக் கெட்டியாக்கிக் கறியின்மேல் ஊற்றும் குழம்பை. மார்புக்கறி கொஞ்சம் வறண்டு போனாலும் நல்ல கிரேவி இருந்தால் சாப்பாடு இறங்கிவிடும். கிரேவி சப்பென்று இருந்தால் எவ்வளவு அழகாக வறுத்த வான்கோழியும் தட்டில் பாதி மிஞ்சும்.

நான் நியூஜெர்சியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மெல்ல முடியாத, விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அங்கே கிரேவி இல்லாமல் கறி இறங்காது. அதனால் கிரேவியைத் தொட்டுக்கொள்ளும் பொருளாக நான் என்றுமே நினைத்ததில்லை. இந்த மாதம் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: அம்மா, மகனுக்குப் போன வருடம் கல்யாணம் ஆனது. மருமகள் அமெரிக்கப் பெண். சம்பந்தி வீட்டார் முதல்முறையாக நம் வீட்டுக்குத் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வருகிறார்கள். மொத்தம் பத்துப் பேர், 14 பவுண்டு வான்கோழி வாங்கியிருக்கிறேன். கிரேவி பாக்கெட்டை மருமகள் வாங்கி வருகிறேன் என்கிறாள். வீட்டிலேயே செய்ய ஆசை. முதலிலிருந்து சொல்லித் தர முடியுமா?
— வாசகி, பிளேனோ, டெக்சஸ்

பாக்கெட் வேண்டாம், அம்மா. நீங்களே செய்யலாம். குழம்பு வைக்கத் தெரிந்த கைக்கு இது கஷ்டமே இல்லை. ஆனால் வியாழக்கிழமை மதியம் ஓவனில் பறவை, அடுப்பில் உருளைக்கிழங்கு, வாசலில் விருந்தாளி என்று இருக்கும்போது கிரேவியை ஆரம்பித்தால் பதற்றம்தான் மிஞ்சும். பாதிக்கு மேல் வேலையைப் புதன்கிழமையே முடித்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. உறைந்த வான்கோழி குளிர்சாதனப் பெட்டியில் உருகுவதற்கு 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். உங்கள் 14 பவுண்டுக்கு மூன்று நாளைக்கு மேல். ஆகவே ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, கீழே ஒரு ஆழமான தட்டு வைத்து, ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டில் வையுங்கள். சமையலறை மேடையில் வைத்து உருக விடாதீர்கள். அப்புறம், நம் வீடுகளில் கோழியை மஞ்சள் போட்டுக் கழுவுவது வழக்கம். இங்கே விற்கிற பறவையைக் கழுவத் தேவையில்லை. கழுவினால் தெறிக்கும் தண்ணீர்தான் சிங்க் முழுக்கக் கிருமியைப் பரப்பும்.

சரி, ஸ்டாக், அதாவது எலும்பைக் கொதிக்க வைத்து வடிக்கும் சாறு. வான்கோழி வாங்கும்போதே இறக்கைகள் தனியாகக் கிடைத்தால் 3 அல்லது 4 பவுண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வான்கோழி இறக்கை கிடைக்காவிட்டால் கோழி இறக்கை போதும். புதன்கிழமை காலையில் அவற்றை ஒரு தட்டில் பரப்பி, 425 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் ஒரு மணி நேரம் போல, நன்றாகப் பழுப்பு நிறம் ஏறும்வரை வறுங்கள். இந்தப் பழுப்பில்தான் கிரேவியின் ருசி இருக்கிறது. வெளுத்த எலும்பைக் கொதிக்க வைத்தால் வெளுத்த தண்ணீர்தான் கிடைக்கும். வறுத்த இறக்கையோடு பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, செலரித் தண்டு இரண்டு, பத்து மிளகு, கொஞ்சம் தைம் என்கிற மூலிகை, ஒரு பே லீஃப் போட்டு 10 கப் தண்ணீர் ஊற்றுங்கள். வறுத்த தட்டில் ஒட்டியிருப்பதையும் சூடான தண்ணீர் விட்டுச் சுரண்டி இதிலேயே சேர்த்துவிடுங்கள். பிரியாணிக்குப் போடும் இலையை இதில் போட வேண்டாம். அதில் பட்டை வாசனை வரும், இங்கே அது பொருந்தாது.

தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற தீயில் மூன்று மணி நேரம். பிரஷர் குக்கரில் முக்கால் மணி நேரம் போதும். உப்புப் போடாதீர்கள், ஒரு சிட்டிகைகூட. வடிகட்டி, ஆற வைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வியாழக்கிழமை காலையில் பார்த்தால் மேலே கொழுப்பு ஆடைபோல உறைந்திருக்கும், கீழே ஸ்டாக் ஜெல்லியாகத் தளும்பும். இறக்கையில் தோலும் மூட்டும் அதிகம். அதில் இருக்கிற கொலாஜன் இறங்கி ஜெலட்டின் ஆனதால் வந்த ஜெல்லி அது. கிரேவி நாக்கில் வழுவழுப்பாக நிற்க இதுவே காரணம். பாக்கெட் கிரேவியில் இது இருக்காது. அந்தக் கொழுப்பை எறியாதீர்கள், கிரேவிக்கு வேண்டும்.

வியாழக்கிழமை. தொடையின் கனமான இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பார்த்த தெர்மாமீட்டர் 165 டிகிரி காட்டினால் வான்கோழி வெந்துவிட்டது. அதை எடுத்துப் பலகையில் வைத்து, மேலே ஃபாயில் தளர்வாக மூடி, அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். இந்த அரை மணி நேரம் முழுக்க உங்கள் கிரேவிக்குத்தான்.

ரோஸ்டிங் தட்டில் இறங்கியிருக்கும் சாற்றை ஒரு பாத்திரத்தில் வடித்தால் கொழுப்பு மேலே மிதக்கும். அதைக் கரண்டியால் எடுத்துத் தனியே வையுங்கள். இப்போது காலித் தட்டைப் பாருங்கள், அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும். தட்டை அடுப்பின் இரண்டு பர்னர்மேல் குறுக்காக வைத்து, ஒரு கப் சூடான ஸ்டாக் ஊற்றி, மரக்கரண்டியால் மூலைமூலையாகச் சுரண்டி எடுங்கள். கடையில் வாங்கிய மெல்லிய அலுமினியத் தட்டாக இருந்தால் அடுப்பில் ஏற்றாதீர்கள், ஓட்டையாகிவிடும். கொதிக்கும் ஸ்டாக்கை ஊற்றி ஐந்து நிமிடம் ஊற விட்டுச் சுரண்டினால் போதும்.

அளவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஒரு கப் திரவத்துக்கு 2 டேபிள்ஸ்பூன் கொழுப்பு, 2 டேபிள்ஸ்பூன் மைதா. பத்துப் பேருக்கு, மறுநாளைக்கும் கொஞ்சம் மிஞ்சும்படி, 6 கப் கிரேவி வேண்டும். அப்படியென்றால் முக்கால் கப் கொழுப்பு, முக்கால் கப் மைதா. பறவையின் கொழுப்புப் போதாவிட்டால் நேற்றைய கொழுப்பு, அதுவும் போதாவிட்டால் வெண்ணெய்.

அகலமான அடிகனப் பாத்திரத்தில் கொழுப்பைச் சூடாக்கி மைதாவைப் போட்டு, நடுத்தரத் தீயில் விஸ்க் என்கிற கம்பி மத்தால் கிளறிக்கொண்டே நாலைந்து நிமிடம் வறுங்கள். பச்சை மாவு வாசனை போய், வறுத்த முந்திரிபோல மணக்கும். வெளிர்ப் பழுப்பு வந்ததும் ஸ்டாக்கை ஒரு கரண்டி ஊற்றுங்கள். சட்டென்று களிபோல இறுகும், பயப்படாதீர்கள். அடித்துக் கலக்கிவிட்டு அடுத்த கரண்டி. நான்கைந்து கரண்டிக்குப் பிறகு இளகிவிடும், அப்புறம் தாராளமாக ஊற்றலாம். தட்டில் சுரண்டியதையும், வடித்த சாற்றையும் சேர்த்து மொத்தம் 6 கப் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்க வேண்டும். மேசைக்குப் போனபின் இன்னும் கெட்டியாகும், அதனால் நீங்கள் விரும்புவதைவிட ஒரு மாற்று நீர்க்கவே இறக்குங்கள்.

உப்பும் மிளகுத்தூளும் கடைசியில். பறவையை வெட்டும்போது பலகையில் வழியும் சாற்றையும் வழித்து இதில் ஊற்றிவிடுங்கள். மருமகளையும் பக்கத்தில் நிறுத்தி விஸ்க்கை அவள் கையில் கொடுங்கள். இரண்டு கை இருந்தால் சுலபம், அவளுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கேள்வி: அக்கா, நான் ஓஹயோவில் படிக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து ஃபிரண்ட்ஸ்கிவிங் வைக்கிறோம். கிரேவி என் பொறுப்பு. இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா கொஞ்சம் போட்டால் தூக்கலாக இருக்காதா?
— வாசகர், கொலம்பஸ், ஓஹயோ

தூக்கலாகத்தான் இருக்கும் தம்பி. ஆனால் போடாதே.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தட்டில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பார். வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, சேஜ் மூலிகை மணக்கிற ரொட்டி ஸ்டஃபிங், புளிப்பும் இனிப்புமான கிரான்பெர்ரி சாஸ், பச்சை பீன்ஸ். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கும். எல்லாவற்றையும் ஒரே சாப்பாடாகக் கட்டுவது கிரேவி. அதில் ஏலமும் கிராம்பும் ஏறினால் கிரான்பெர்ரியோடு சண்டை போடும், உருளைக்கிழங்கு காணாமல் போகும். நம் சமையல் எந்த விதத்திலும் குறைந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. ரசத்தில் யாராவது சீஸ் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? இதுவும் ஒரு ஊரின் பண்டிகைச் சாப்பாடு. ஒருமுறை அதன் போக்கிலேயே செய்து, அதன் ருசி என்ன என்று தெரிந்துகொள்.

உனக்குக் காரம் வேண்டும் என்றால் மிளகு இருக்கிறது. அப்போதே இடித்த மிளகைக் கொஞ்சம் தாராளமாகப் போடு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டு பல் பூண்டை ஸ்டாக்கில் முழுதாகப் போட்டு வடிகட்டிவிடலாம். தைம், சேஜ் இரண்டும் வாங்க வசதியில்லாவிட்டால் பெல்ஸ் என்ற மஞ்சள் டப்பாவில் ஒரு கோழி மசாலா கிடைக்கும். 1867 முதல் பாஸ்டன் பக்கத்துக்காரர்கள் பயன்படுத்துவது. அரைத் தேக்கரண்டி போதும்.

வெள்ளிக்கிழமை உன் ஆசையைத் தீர்த்துக்கொள். மிஞ்சிய கறியைப் பிய்த்து, எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், நிறைய சின்ன வெங்காயம் வதக்கி, மிஞ்சின கிரேவியை அதில் ஊற்றி, மிளகும் சீரகமும் நுணுக்கிப் போட்டுப் பிரட்டு. பரோட்டாவோடு அதைச் சாப்பிட்டவர்கள் அடுத்த வருடமும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கேள்வி: எவ்வளவு கிளறினாலும் எனக்கு மாவு கட்டி தட்டிவிடுகிறது. என்ன செய்ய?
— வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

சூடான திரவத்தில் உலர்ந்த மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். வெளிப்பக்கம் உடனே வெந்து உறைபோல மூடிக்கொள்ளும், உள்ளே மாவு காய்ந்தே கிடக்கும். மாவைக் கொழுப்பில் முதலில் வறுத்துவிட்டால் ஒவ்வொரு துகளையும் கொழுப்பு பிரித்து வைக்கும். அவசரத்துக்கு வறுக்க நேரமில்லை என்றால், கேழ்வரகுக் கூழுக்குக் கரைப்பதுபோலப் பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்துவிட்டுக் கொதிக்கும் ஸ்டாக்கில் ஊற்றுங்கள். இங்கே கடைகளில் வொண்ட்ரா என்ற மாவு நீல டப்பாவில் கிடைக்கும். ஏற்கெனவே பதப்படுத்தியது, நேரடியாகத் தூவினாலும் பெரும்பாலும் கட்டி தட்டாது. வீட்டில் ஒன்று வைத்திருப்பது நல்லது.

கட்டி தட்டிவிட்ட பிறகு? வடிகட்டி இருக்கிறதே. முதியோர் இல்லத்தில் கிரேவியை வடிகட்டாமல் நாங்கள் வெளியே அனுப்பியதே இல்லை. கட்டி தட்டினாலும் தட்டாவிட்டாலும் வடிகட்டுவோம்.

கேள்வி: அக்கா, ரோஸ்ட் பண்ணின தட்டின் அடி முழுக்கக் கருகிப் போச்சுது. கிரேவி கசந்து, பிள்ளைகள் தொடவே இல்லை. நத்தாருக்கும் வான்கோழி வைக்க வேணும். ஏதாவது வழி சொல்லுங்கோ.
— வாசகி, ஸ்கார்பரோ, டொராண்டோ

கனடாவில் தேங்க்ஸ்கிவிங் அக்டோபர் இரண்டாவது திங்களிலேயே முடிந்துவிடுகிறது, ஆகவே அடுத்தது நத்தார், அதாவது கிறிஸ்துமஸ்தான். நேரம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

பழுப்புக்கும் கருகலுக்கும் நடுவே அதிக தூரம் இல்லை. வான்கோழி மூன்று நான்கு மணி நேரம் ஓவனில் இருக்கிறது. முதலில் சொட்டுகிற கொஞ்சச் சாறு தட்டில் பரவி, வற்றி, கருகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல சாறு இறங்கினாலும் கசப்பில்தான் விழுகிறது. தட்டின் அடியில் பெரிய துண்டாக வெட்டிய வெங்காயம், கேரட், செலரியைப் பரப்பி, அதன்மேல் கம்பி ரேக், ரேக் மேல் பறவை என்று வையுங்கள். ஒரு கப் தண்ணீர் ஊற்றியே ஆரம்பிக்கலாம். முக்கால் மணிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அடி காய்ந்திருந்தால் இன்னும் அரைக் கப். பெரிய தட்டில் சின்னப் பறவையை வைத்தாலும் காலி இடம் கருகும், பறவைக்கு ஏற்ற தட்டாக எடுங்கள்.

சுரண்டுவதற்கு முன் ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். கசந்தால் அந்தத் தட்டை அப்படியே சிங்கில் போட்டுவிடுங்கள். சீனி போட்டுச் சரி செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். கசப்பு போகாது, இனிக்கிற கசப்பாக மாறும். முதல் நாள் வைத்த ஸ்டாக் இருந்தால் தட்டு கருகினாலும் உங்களுக்குக் கிரேவி உண்டு. நான் ஸ்டாக்கை முன்கூட்டியே வைக்கச் சொல்வதே இதற்காகத்தான்.

கேள்வி: வான்கோழியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வறுத்தோம், கறி அருமை. கிரேவி வாயில் வைக்க முடியாத உப்பு. உருளைக்கிழங்கு போட்டும் குறையவில்லை.
— வாசகர், எடிசன், நியூஜெர்சி

உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சாது. உப்போடு சேர்ந்த திரவத்தை உறிஞ்சும், மிச்சம் அதே உப்பில் இருக்கும். உப்பைக் குறைக்க ஒரே வழி உப்பில்லாத ஸ்டாக் ஊற்றி அளவைக் கூட்டுவது, அதற்கேற்ப மாவும் கூட்டுவது.

உப்புநீரில் ஊறிய பறவையின் சாறும் உப்புநீர்தான். அதை முழுவதும் ஊற்றாமல், உப்பில்லா ஸ்டாக்கில் கிரேவியை முழுதாகச் செய்துவிட்டு, சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டு ருசி பாருங்கள். உப்புக்குப் பதில் அதுதான் உங்கள் உப்பு. நீங்கள் ஊறப்போடாவிட்டாலும், கடையில் வாங்கும் உறைந்த வான்கோழிகள் பலவற்றில் உப்புக் கரைசல் ஏற்றித்தான் விற்கிறார்கள். உறையில் சின்ன எழுத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். யூத முறைப்படி வெட்டிய கோஷர் வான்கோழியும் உப்பு போட்டுத்தான் வரும். டப்பா ஸ்டாக் வாங்குவதாக இருந்தால் உப்பே சேர்க்காதது என்று எழுதியதைப் பார்த்து எடுங்கள். சாதாரண டப்பா ஸ்டாக்கைக் கொதிக்க வைத்து வற்றவிட்டால் அதுவே கடலாகிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இந்த முறை வான்கோழியை எண்ணெயில் பொரிக்கப் போகிறோம். தட்டும் இல்லை, சாறும் இல்லை. கிரேவிக்கு எங்கே போவது?
— வாசகர், ஹூஸ்டன்

மேலே பிளேனோ வாசகிக்குச் சொன்ன இறக்கை ஸ்டாக் போதும். சாறு இல்லாததால் நிறமும் ஆழமும் கொஞ்சம் குறையும். அதற்கு மைதாவை இன்னும் நான்கு நிமிடம் கூடுதலாக வறுத்து, வேர்க்கடலைத் தோல் நிறத்துக்குக் கொண்டுபோங்கள். வறுக்க வறுக்க மாவின் கெட்டியாக்கும் சக்தி குறையும், ஆகவே ஒரு ஸ்பூன் மாவு கூட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் விட்டால் நிறமும் வரும், ருசியும் கூடும். இருப்பது யாருக்கும் தெரியாது.

உங்கள் கேள்வியில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன், மன்னிக்க வேண்டும். பறவை உள்ளே வரைக்கும் முழுதாக உருகி, ஈரம் துடைத்திருந்தால் மட்டும் எண்ணெயில் இறக்குங்கள். உள்ளே பனிக்கட்டி இருந்தால் அந்த நொடியே நீராவியாகி எண்ணெயைப் பொங்கி வழிய வைக்கும், கீழே எரிகிற நெருப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள், கராஜில், மரத் தளத்தின்மேல் பொரிக்கவே கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது.

கேள்வி: வான்கோழிக்குள் ஒரு காகிதப் பை இருக்கிறது, அதில் குடல் போல ஏதோ இருக்கிறது. எறிந்துவிடவா?
— வாசகி, சார்லட், நார்த் கரோலினா

எறியாதீர்கள்! அது குடல் இல்லை. இதயம், கல்லீரல், கிசர்ட் என்கிற இரைப்பை. கழுத்து பெரும்பாலும் வயிற்றுக்குள் தனியாக இருக்கும், பை கழுத்துப் பக்கத்துக் குழியில் ஒளிந்திருக்கும். இரண்டு பக்கமும் கைவிட்டுப் பாருங்கள். ஆட்டுக் குடலையும் ஈரலையும் விட்டுவைக்காத நமக்கு இதை எறிய மனம் வருமா?

முதியோர் இல்லத்தில் எங்களுக்குத் தலைமைச் சமையல்காரராக இருந்த அம்மா ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பினப் பெண்மணி. கிரேவியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவர் கற்றுக் கொடுத்தது. பையைத் திறந்ததும் கல்லீரலை முதலில் தனியே எடுத்துவிடுவார். ஸ்டாக்கில் சேர்ந்து கொதித்தால் கசப்பும் ஒரு கனத்த வாடையும் வரும் என்பார். கழுத்து, இதயம், இரைப்பை மூன்றையும் ஸ்டாக்கோடு போட்டு, இரைப்பை மெத்தென்று ஆகும்வரை வேக விடுவார். அது பொறுமையைச் சோதிக்கும், ஒன்றரை இரண்டு மணி நேரம்கூட ஆகும். பிறகு கழுத்துக் கறியை எலும்பிலிருந்து பிய்த்து, மற்றவற்றைப் பயறு அளவுக்கு நறுக்கி, தயாரான கிரேவியில் கலப்பார். கல்லீரலை வெண்ணெயில் தனியாக வதக்கி, பிடித்தவர்களுக்கு மட்டும் நறுக்கிப் போடுவார்.

அதற்குமேல் அவித்த முட்டையையும் நறுக்கிப் போடுவார். அமெரிக்கத் தென் மாநிலங்களில் இது பழைய வழக்கம். முதன்முதலில் பார்த்தபோது நம் ஊர்க்காரி யாரோ செய்ததுபோலவே எனக்கு இருந்தது. சாப்பிட்டுப் பார்த்தால் மஞ்சள் கரு கரைந்து கிரேவிக்கு ஒரு செழுமை கொடுக்கிறது. நீங்கள் கரோலினாவில் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் வயதான அம்மாக்கள் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டுக் கிரேவியில் முட்டை உண்டா என்று கேளுங்கள், அரை மணி நேரம் சந்தோஷமாகப் பேசுவார்கள்.

கேள்வி: மாமனார் சைவம். தங்கைக்குக் கோதுமை ஆகாது. மூன்று விதக் கிரேவி வைக்க வேண்டுமா?
— வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

இரண்டு போதும். சைவக் கிரேவியைக் கோதுமை இல்லாமல் செய்துவிடுங்கள், இருவருக்கும் ஆகும்.

உலர்ந்த ஷிட்டாகே காளான் ஒரு கைப்பிடியை நாலு கப் வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை மண் வராமல் வடித்துக்கொள்ளுங்கள். வெண்ணெயில் இரண்டு வெங்காயத்தை மெல்லிய தீயில், பொன் நிறம் தாண்டிப் பழுப்பாகும் வரை வதக்குங்கள். இருபது நிமிடமாவது ஆகும், அவசரப்படாதீர்கள். சாதாரணக் காளானையும் ஊறிய காளானையும் நறுக்கிப் போட்டு நீர் வற்ற வதக்கி, ஊறிய தண்ணீரை விட்டு, தைம் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். நிறத்துக்கும் ருசிக்கும் கொஞ்சம் சோயா சாஸ் விடலாம்; ஆனால் சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு, ஆகவே தமாரி என்கிற சோயா சாஸ் வகையைக் கேட்டு, கோதுமை இல்லை என்று உறையில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கெட்டியாக்கக் கார்ன் ஸ்டார்ச்: ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன், பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். ரொம்ப நேரம் கொதித்தால் திரும்ப நீர்த்துவிடும். அமெரிக்கக் கடையில் கார்ன் ஃப்ளவர் என்று எழுதியிருப்பது வேறு மாவு, அதை எடுத்துவிடாதீர்கள். வீட்டு அரிசி மாவிலும் செய்யலாம். கொஞ்சம் நறநறப்புத் தெரியும், அவ்வளவுதான்.

இதை முதலில் செய்து, தனிக் கரண்டியோடு தனிப் பாத்திரத்தில் மூடி வைத்துவிடுங்கள். வான்கோழிக் கிரேவிக் கரண்டி தவறிக்கூட இதில் படக் கூடாது. சைவம் சாப்பிடுகிற பெரியவர் மேசையில் நிம்மதியாக உட்கார வேண்டும், எது எதில் பட்டதோ என்று யோசித்துக்கொண்டு உட்காரக் கூடாது.

கேள்வி: கிரேவியில் ஒயின் ஊற்றித்தான் ஆக வேண்டுமா?
— வாசகர், சியாட்டில்

வேண்டியதில்லை. ஒயின் தருவது ஒரு சின்னப் புளிப்பு. சைடர் என்கிற வடிகட்டாத, மது இல்லாத ஆப்பிள் சாறு இந்தப் பருவத்தில் எங்கும் கிடைக்கும். தட்டைச் சுரண்டும்போது கால் கப் ஊற்றுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் இறக்கும்போது அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு.

கேள்வி: கிரேவி சூடாகவே இருக்க என்ன செய்வது? மிஞ்சினால் எத்தனை நாள் வைக்கலாம்?
— வாசகி, அட்லான்டா

நம் வீட்டில் காபி ஊற்றும் ஃபிளாஸ்க் இருக்கிறதே, அதைவிட நல்லது எதுவும் இல்லை. வாசனை இல்லாத ஃபிளாஸ்க்காகப் பார்த்து, கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கிரேவியை ஊற்றி மூடுங்கள். ஆடையும் படியாது, சூடும் நிற்கும். மேசையில் வைக்கும் குவளையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளலாம். பாத்திரத்திலேயே வைப்பதானால் கிரேவியின் மேற்பரப்பைத் தொடும்படி பட்டர் பேப்பர் போட்டு மூடுங்கள்.

மேசையில் வைத்த கிரேவியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அகலமான, ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து வையுங்கள், சீக்கிரம் குளிரும். பெரிய குண்டானோடு உள்ளே தள்ளினால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. ஃப்ரிட்ஜில் வைத்ததை இரண்டு நாளைக்குள் முடித்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் நன்றாகக் கொதிக்க வைத்தபின் பரிமாறுங்கள். அதற்குமேல் மிஞ்சும் என்று தெரிந்தால் அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடலாம். மைதா சேர்த்தது உருகும்போது கொஞ்சம் பிரிந்ததுபோல இருக்கும். சூடாக்கி விஸ்க்கால் அடித்தால் சேர்ந்துவிடும். கார்ன் ஸ்டார்ச் கிரேவியை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், நீர் விட்டுப் பஞ்சுபோல ஆகிவிடும். டப்பாமேல் தேதி எழுதுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு நன்றாக இருக்கும். டிசம்பரில் ஒரு கோழியை வறுக்கும் நாளில் எடுத்து ஊற்றிக்கொள்ளலாம்.